நாய்க்குட்டிக்கும் பையனுக்கும் நடுவே ஒரு கம்பிக் கதவு: ஐந்து மாத அனுபவம்

மிளகு எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. மழை நாளில் என் மகள் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதம் இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். வீட்டில் ஏற்கெனவே ஆறு வயதில் அவள், இரண்டரை வயதில் அவள் தம்பி, முழங்கால் வலியோடு என் மாமியார். அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்துத்தான் பையன் மிளகின் வாலைப் பிடிப்பான். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் ஆன்லைனில் தேடி, மாடிப்படியில் குழந்தைகள் போகாமல் தடுக்க விற்கிறார்களே, அந்த இரும்புக் கம்பிக் கதவை வாங்கினேன். கதவு 2,899 ரூபாய், அகலத்தைக் கூட்டும் 10 செ.மீ. துண்டு தனியாக 600 ரூபாய். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்றாலும் பார்க்க ஒரே அச்சாகத்தான் இருக்கிறது.

சுவரில் துளை போட வேண்டியதில்லை என்பதுதான் வாடகை வீட்டுக்காரர்களான எங்களுக்குப் பிடித்த விஷயம். நான்கு மூலையிலும் உள்ள திருகை இறுக்கினால் ரப்பர் குமிழ்கள் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வாங்கும் முன் டேப் வைத்து அளக்கும்போது தரையோரமும் அளந்துகொள்ளுங்கள். நான் இடுப்பு உயரத்தில் அளந்து 92 செ.மீ. என்று குறித்துக்கொண்டேன். கீழே ஸ்கர்ட்டிங் டைல்ஸ் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்ததால் அங்கே 90தான். மேல் திருகை வெளியே இழுத்து, கீழ்த் திருகை உள்ளே தள்ளிச் சமாளித்தோம்.

இன்னொன்று. பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தினால் கொண்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும், கதவு பூட்டாது. வளைந்த சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பப் பெட்டியில்கூட வைத்துவிட்டேன். பெட்டியோடு வந்த விளக்கப் படத்தைப் பொறுமையாகப் பார்த்த என் கணவர்தான், "திருகை இறுக்க இறுக்க அது தானா கூடும்மா" என்றார். கூடியது. இந்தக் கதவுகளுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியவர்களில் பாதிப் பேர் இதில் ஏமாந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே நிறுத்தினோம். பின்கட்டில் மிளகின் சாக்கு, தண்ணீர்க் கிண்ணம், ஒன்றுக்குப் போகச் செய்தித்தாள். பையன் கையில் எது கிடைத்தாலும் வாய்க்குப் போகிறவன். குட்டியின் வயிற்றில் உருண்டைப் புழு இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அந்தச் செய்தித்தாளும் அவனும் வேறு வேறு அறையில் இருந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

இனி குறைகளுக்கு வருகிறேன்.

கம்பிகளுக்கு நடுவே 5 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி. மிளகு ஒல்லிக்குட்டி. முதல் நாளே தலையை நுழைத்து, தோளைக் குறுக்கி, இந்தப் பக்கம் வந்து நின்று வாலை ஆட்டியது. சரி, பிளாஸ்டிக் கோழி வலையை வாங்கிக் கேபிள் டை போட்டுக் கட்டினோம், பாதி உயரத்துக்கு மட்டும். அந்தச் சோம்பேறித்தனம்தான் வினையானது. வலைக்கு மேலே பையன் கைவிரலில் முறுக்கை மாட்டி நீட்டியிருக்கிறான். மிளகு எம்பி முறுக்கைப் பிடித்ததில் விரலும் சேர்ந்து மாட்டியது. நாய்க்குட்டியின் பால்பற்கள் 28, எல்லாம் ஊசி முனை. ரத்தம் வரவில்லை, தோல் சிராய்ந்திருந்தது.

அத்தை மஞ்சள் டப்பாவோடு ஓடி வந்தார். நல்லவேளை, அது வேண்டாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். அவன் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். மிளகுக்கு மூன்று மாதம் ஆனால்தான் ரேபிஸ் ஊசி, அப்போது போட்டிருக்கவில்லை. அதனால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனோம். பையனுக்கு அன்று ஒரு ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் ஒவ்வொன்று. காசு ஒன்றும் வாங்கவில்லை. "வீட்டு நாய்தானே, குட்டிதானே" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். திரும்பி வந்த அன்று மாலையே வலையை உச்சி வரைக்கும் கட்டினோம். இதை விற்பவர்களே ஒரு வலையைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

அடுத்தது, கீழே குறுக்கே ஓடும் கம்பி. இரண்டு செ.மீ. உயரம்தான், ஆனால் இருட்டில் நிலைப்படி மாதிரி காலைத் தட்டிவிடும். அத்தை ஒருமுறை தடுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். அதில் மஞ்சள் டேப் ஒட்டி, பக்கத்தில் இரவு விளக்கு மாட்டியிருக்கிறேன். இதே காரணத்துக்காகத்தான் இந்த வகையை மாடிப்படியின் உச்சியில் வைக்கக் கூடாது; அங்கே ஸ்க்ரூ அடித்துப் பொருத்தும் கதவுதான் சரி. பையன் தொங்கி ஊஞ்சலாடினால் திருகு தளரும், அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் இறுக்குகிறோம். ரப்பர் அழுத்திய இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு டிஸ்டெம்பர் உரிந்துவிட்டது. வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை.

கதவு தானாக மூடிக்கொள்வது நல்ல வசதி. "டங்" என்று மூடுவது வசதி இல்லை, மதியம் தூங்குகிற மூன்று பேரும் எழுந்துவிடுவார்கள். கட்டைவிரலால் அழுத்தி, தூக்கித் திறக்கும் கொண்டியைச் சின்னவனால் இன்றுவரை திறக்க முடியவில்லை. மகள் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான்: மிளகு பின்கட்டில் படுத்திருந்தால் எழுப்பக் கூடாது, கூப்பிடக் கூடாது. குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் தூங்குமாம், அவளுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஆனாலும் சிலேட்டில் "மிளகு தூங்குது" என்று எழுதிக் கதவில் மாட்டிவிட்டாள். நான்கு மாத வயதில் கூடத்தில் அரிசி மணி மாதிரி ஒரு பல் கிடந்தது. அது இப்போது அவள் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

கதவைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பால் இறக்கும் ஐந்து நிமிடத்துக்குத்தான் அது. கதவு திறந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். நாங்கள் முதலில் மிளகு உறுமினால் அதட்டினோம். மருத்துவர் எங்களைத்தான் அதட்டினார். அதட்டி அதட்டி உறுமுவதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும் என்றார். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பது, இவை எல்லாம் உறுமலுக்கு முன்னால் வருபவையாம். இப்போது என் மகளே, "அம்மா, மிளகு உதட்டை நக்குது, தம்பியைத் தூக்கு" என்கிறாள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். வலை தனியாக வாங்கியதற்கு அரை, அத்தையின் முழங்காலுக்கு ஒன்று கழித்திருக்கிறேன். 76 செ.மீ. உயரம் நாட்டு நாய்க்கு எத்தனை நாளைக்கு என்று கேட்பீர்கள். போன வாரம் மிளகு ஒரே தாவில் தாண்டிவிட்டது. கழற்றிப் பரணில் போட்டுவிடலாம் என்று என் கணவர் ஸ்டூலை எடுத்தார். வேண்டாம் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் பையன் டம்ளரும் கரண்டியுமாகத் தட்டிக்கொண்டு துரத்த, மிளகு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கதவைத் தாண்டி, பின்கட்டுச் சாக்கில் போய்ப் படுத்துக்கொண்டது. இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றான் அவன்.