ஒட்டகத்துக்குப் பொருத்தம் எது? ஒரு டிமென்ஷியா சோதனையின் மதிப்புரை

தாளின் மேற்பகுதியில் ஓர் ஒட்டகம். கீழே மரம், சூரியகாந்தி, கள்ளிச்செடி, ரோஜா. ஒட்டகத்தோடு சேர்வது எதுவோ அதைத் தொட்டுக் காட்டினால் போதும். வாயைத் திறந்து பெயர் சொல்ல வேண்டியதில்லை என்பதால், சொல் மட்டும் நாவில் வராமல் தடுமாறுபவரையும், அப்பொருள் பற்றிய அறிவையே இழந்துவிட்டவரையும் பிரித்தறிய இது உதவுகிறது. பிரிட்டனில் உருவாகி 2000-இல் வெளிவந்த ‘கேமல் அண்ட் காக்டஸ்’ (ஒட்டகமும் கள்ளியும்) சோதனையின் பலம் இதுதான்.

இதற்கு முன்னோடியான ‘பிரமிட்ஸ் அண்ட் பாம் ட்ரீஸ்’ சோதனையில் 52 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடைகள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 26 மதிப்பெண் தேறிவிடும். ஒட்டகச் சோதனையில் 64 வினாக்கள், நான்கு விடைகள். குருட்டாம்போக்கில் கிடைப்பது 16தான்.

மூளையின் நெற்றி, பொட்டுப் பகுதிகள் சிதைவதால் உண்டாகும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா பரம்பரையாக வருவதை ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஆராயும் ஜென்ஃபி குழு, இதை 32 வினாக்களாகச் சுருக்கிப் பயன்படுத்தியது. எம்ஏபிடி, ஜிஆர்என், சி9ஓஆர்எஃப்72 ஆகிய மூன்று மரபணுக்களில் ஒன்றில் பிறழ்வு உள்ள பெற்றோரின் பிள்ளைக்கு அந்தப் பிறழ்வு வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி. நோய் வெளிப்படுமுன்னரே சறுக்கலைப் பிடிக்க வேண்டும் என்பதே அக்குழுவின் நோக்கம். அறிகுறி தெளிவாகத் தெரியாத கட்டத்திலேயே பொருளறிவு குறைவதைச் சுருக்கிய வடிவம் காட்டியது என்பது, அரை மணி நேரத்துக்குள் முடியும் ஒரு படத்தாளுக்குச் சிறிய சாதனையன்று.

ஆனால் என் தயக்கமும் இங்கேதான் தொடங்குகிறது. ஒட்டகத்தையும் கள்ளியையும் பாலைவனம் என்ற மூன்றாவது ஒன்றின் வழியாகவே இணைக்க முடியும். அதற்கு அறிவு மட்டும் போதாது, தேடவும் ஒப்பிடவும் வேண்டும். எம்ஏபிடி பிறழ்வு, பொருளறிவு தங்கியிருக்கும், மூளையின் பொட்டு மடலின் முன்பகுதியைக் குறிப்பாகத் தாக்குவதால், அங்கே மதிப்பெண் குறைந்தால் காரணம் ஓரளவு தெளிவு. மற்ற இரண்டிலும் நெற்றி மடல் தளர்ந்து, திட்டமிடும் திறன் குன்றியதாலேயே அதே மதிப்பெண் குறையலாம். ‘பிரமிட்ஸ்’ சோதனையில் பிரமிடுக்குப் பொருத்தம் எது என்று கேட்டு, பனை வகை மரத்தோடு பைன் மரத்தை நிறுத்தியிருப்பதைப் பார்த்தால், வளர்ந்த ஊரும் விடையில் புகுந்துகொள்ளும் என்றே தோன்றுகிறது.

ஆகவே, பெயர் சொல்லும் சோதனை ஒன்றையும் திட்டமிடும் திறனுக்கான சோதனை ஒன்றையும் உடன் வைத்தே இதைப் பயன்படுத்தச் சொல்வேன். தவறிய விடைக்குக் காரணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ரோஜாவைத் தொட்டவர் “இரண்டும் அழகு” என்றால் அது ஒரு செய்தி, “இது என்ன மிருகம்?” என்று கேட்டால் முற்றிலும் வேறு செய்தி. மதிப்பெண் பட்டியலில் இரண்டுக்கும் விழுவது ஒரே பூஜ்யம்.