பாய்லர் சேஃப்டி வால்வின் வெளியேற்றுக் குழாய்: சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு

திருப்பூரில் எங்கள் சாயப் பட்டறையில் சதுர செ.மீ.க்கு 10.54 கிலோ அழுத்தத்துக்கு வடிவமைத்த விறகு பாய்லர் ஓடுகிறது. அதில் இரண்டு சேஃப்டி வால்வுகள்; அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து ஸ்டீமை வெளியே விடுபவை. வாங்கும்போது எல்லோரும் வால்வைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்: எந்தக் கம்பெனி, ஸ்பிரிங் எப்படி, சீட் (மூடி உட்காரும் வளையம்) எப்படி என்று. ஆனால் அந்த வால்வு எத்தனை நாள் கசியாமல் இருக்கும் என்பதை அதற்குப் பின்னால் வரும் குழாய்தான் முடிவு செய்கிறது.

பாய்லரை நிறுவியவர்கள் இரண்டு வால்வுகளின் அவுட்லெட்டையும் ஒரே குழாயில் சேர்த்து, பிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு) போட்டு இறுக்கி, கூரைக்கு மேலே கொண்டுபோய், உச்சியில் மழைக்காக வளைவும் வைத்திருந்தார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் வால்வு ஒருமுறை தூக்கிவிட்டால் (திறந்துவிட்டால்) அப்புறம் சரியாக உட்காராது. லேப்பிங் செய்து (சீட்டைத் தேய்த்துச் சமப்படுத்தி) மாட்டினாலும் சில மாதங்களில் மறுபடி கசியும்.

குழாயின் எடை முழுவதும் வால்வு பாடி மேல் இருந்ததுதான் காரணம். அதோடு இரும்புக் குழாய் 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 1.2 மி.மீ. நீளும். 6 மீட்டர் குழாய் என்றால் 7 மி.மீ. மேலே கூரை கிளாம்ப் அசையாமல் பிடித்துக்கொண்டால் அந்தத் தள்ளல் கீழே வால்வுக்குத்தான் வரும். பாடி கொஞ்சம் கோணினாலே போதும், டிஸ்க் (வால்வின் உள்மூடி) சீட்டில் ஒட்டாது.

பொதுக் குழாய் இன்னொரு தொல்லை. சாதாரண ஸ்பிரிங் வால்வு திறந்திருக்கும்போது அவுட்லெட்டில் சேரும் எதிர் அழுத்தம், செட் பிரஷரில் (வால்வு திறக்கும்படி வைத்த அழுத்தத்தில்) 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அது ஒரு கிலோ அளவுதான். இரண்டும் சேர்ந்து தூக்கினால் ஒற்றைக் குழாயும் உச்சி வளைவும் அந்த ஒரு கிலோவைத் தின்றுவிடும். வால்வு படபடவென்று திறந்து மூடி, சீட்டை அடித்து நொறுக்கும்.

அதனால் ஒவ்வொரு வால்வுக்கும் தனிக் குழாய், அடியில் டிரிப் பான் எல்போ (வடியும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டுள்ள வளைவுக் குழாய்) என்று மாற்றினோம். வால்விலிருந்து வரும் எல்போவின் மேல்வாய், அதைவிடப் பெரிய செங்குத்துக் குழாய்க்குள் தொடாமல் நிற்கும். பெரிய குழாயின் எடையைச் சுவரில் பொருத்திய தாங்கிகள் சுமக்கின்றன. அது எவ்வளவு நீண்டாலும் வால்வுக்குத் தெரியாது.

"ஏனுங்க, இந்த இடைவெளில ஸ்டீம் திருப்பி அடிக்காதுங்களா?" என்று பிட்டர் கேட்டார். மிகச் சரியான கேள்வி. மேல்குழாய் ஒடுங்கியோ, வளைவுகளோடு அநாவசிய நீளமாகவோ இருந்தால் கட்டாயம் அடிக்கும், நிற்பவர் வெந்துபோவார். கணக்குப் போட்டு அகலமாக, நேராக விட்டால் ஸ்டீம் காற்றையும் இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். எங்களுடையதில் இதுவரை திருப்பி அடிக்கவில்லை. இருந்தாலும் பாய்லர் ஓடும்போது அந்த மேடையில் யாரையும் நிற்க விடுவதில்லை.

உச்சியில் மூடி கிடையாது. மழைத் தண்ணீர் பான் வழியாக வடிந்துவிடும். வடிகால்தான் இந்த அமைப்பின் உயிர். வால்வு பாடிக்கு ஒன்று, பானுக்கு ஒன்று, இரண்டும் தனித்தனியே, நடுவில் வால்வு எதுவும் இல்லாமல், கண்ணில் படும் இடத்துக்கு வர வேண்டும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் டிஸ்க்கின் மேல் தேங்கித் துருவேற்றும். வால்வு தூக்கும் நேரத்தில் அதே தண்ணீர் ஸ்டீமோடு சேர்ந்து குழாயை மோதும். எங்கள் ஊரில் துருவைவிடக் குளவிதான் பெரிய தொந்தரவு. சின்னக் குழாய் வாயைக் கண்டால் மண்கூடு கட்டிவிடுகிறது. ஆபரேட்டர் பாய்லர் ஆறியிருக்கும் நாளில் கம்பி விட்டுப் பார்த்துவிடுவார்.

மாற்றிய பிறகு கசிவு அநேகமாக நின்றுவிட்டது. பானில் லேசான துரு மட்டும் உண்டு, பெயின்ட் நிற்பதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இந்தத் திறந்த இடைவெளி ஸ்டீமுக்கு மட்டுமே. அமோனியா, எல்பிஜி போன்றவற்றுக்கு யாராவது இதே அமைப்பைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.