தசைகளைக் கழற்றிப் பார்க்கும் இடுப்பு மாடல்: ஆறு மாதம் வகுப்பில் வைத்துப் பார்த்த பிறகு

திண்டுக்கல் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் உடற்கூறு எடுக்கிறேன். ஜூலையில் ஆன்லைனில் வாங்கிய மாடல் இது. வலது பக்க இடுப்பெலும்பு, சேக்ரம் (முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பு), தொடை எலும்பின் மேல்பாதி, அதன்மேல் காந்தத்தில் ஒட்டி நிற்கும் தசைகள். நிஜ அளவு. விலை 8,400 ரூபாய். பள்ளியில் பாதி கொடுத்தார்கள், மீதி என் கைக்காசு.

கைக்காசு போட்டதற்குக் காரணம் உண்டு. என் சித்தப்பா மகனுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் என்று புட்டத்தில் ஊசி போட்டார்கள். அன்று சாயந்தரமே அவனால் பாதத்தைத் தூக்க முடியவில்லை. புட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பில் ஊசி பட்டுவிட்டது. இன்றும் பின்வார் வைத்த செருப்புதான் போடுகிறான், இல்லாவிட்டால் நழுவிவிடும். அந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பது என்னிடம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையாலேயே தெரிந்திருக்க வேண்டும். படத்தைக் காட்டி அதைச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியவில்லை.

சரி, மாடலுக்கு வருகிறேன். மேலே இருக்கும் பெரிய புட்டத் தசை குளூட்டியஸ் மேக்சிமஸைக் கழற்றினால் மீடியஸ், அதைக் கழற்றினால் மினிமஸ். இது வரை எல்லா மாடலிலும் இருக்கும். இதன் அருமை பிரிஃபார்மிஸ் என்ற தசையில்தான். தனித் துண்டாகக் கொடுத்திருக்கிறார்கள். சேக்ரத்தின் முன்பக்கம் தொடங்கி, பெரிய துளை வழியாக வெளியே வந்து, தொடை எலும்பின் மேல்பக்கம் வெளியே புடைத்திருக்கும் ட்ரொகான்டரின் உச்சியில் போய் முடிகிறது. பெயருக்குப் பொருளே பேரிக்காய் வடிவம் என்பது. எங்களுக்குக் கொடைக்கானல் பேரிக்காய்க்குப் பஞ்சமில்லை, ஒன்றை நீளவாக்கில் வெட்டி மாடலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அகன்ற பக்கம் சேக்ரம், காம்புப் பக்கம் ட்ரொகான்டர். அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை. இந்த ஒரு தசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசைக்கு வந்துவிடும்: மேல் விளிம்பில் வெளிவருவது மீடியஸுக்கும் மினிமஸுக்கும் போகும் நரம்பு, கீழ் விளிம்பில் வருவது மேக்சிமஸுக்கான நரம்பும் சயாட்டிக்கும்.

அதற்கும் கீழே ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் என்ற தசை. இது இடுப்புக் கூட்டின் உள்சுவரில் தொடங்கி, சின்னப் பள்ளத்தில் ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி வெளியே வருகிறது. கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவது மாதிரி. இருபது வருடமாகப் பலகையில் வரைந்தும் பிள்ளைகளுக்குப் பிடிபடாத திருப்பம் இது. மாடலை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினேன், ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஜெமெல்லஸ் என்ற இரண்டு சின்னத் தசைகளையும் இதனோடு ஒரே துண்டாக வார்த்திருக்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், உடம்பிலும் அவை இந்தத் தசைநாணோடுதான் சேர்கின்றன.

குறைகள் வேறு. எண் அட்டையில் மேல் ஜெமெல்லஸும் கீழ் ஜெமெல்லஸும் இடம் மாறியிருக்கின்றன. இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியான இஸ்கியத்தின் முள்ளிலிருந்து வருவது மேலது, உட்காரும் எலும்பிலிருந்து வருவது கீழது. மார்க்கரால் திருத்திவிட்டேன், ஆனால் தானாகப் படிக்கும் பிள்ளை தப்பாகவே மனப்பாடம் செய்துவிடும். அடுத்தது எனக்கு நிஜமாகவே கோபம் வந்த விஷயம். உடம்பிலேயே தடித்த நரம்பு சயாட்டிக், தொடங்கும் இடத்தில் ஏறக்குறைய விரல் அகலம் இருக்கும். இங்கே அது சார்ஜர் வயர் தடிமன். போதாததற்குக் குவாட்ரேடஸ் ஃபெமோரிஸ் துண்டோடு ஒட்டி வார்த்திருக்கிறார்கள், அந்தத் தசையைக் கழற்றினால் நரம்பும் கையோடு வந்துவிடுகிறது. மஞ்சள் ரப்பர் குழாய் ஒன்றை வெட்டி நானே தனியாகக் கட்டியிருக்கிறேன்.

மீடியஸின் காந்தம் இரண்டாம் மாதமே விழுந்துவிட்டது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை. பசை போட்டு ஒட்டினோம், இப்போது நிற்கிறது.

பிசியோதெரபி கல்லூரிக்கு வாங்குகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். ஆப்டுரேட்டர் எக்ஸ்டர்னஸ் என்ற தசை இதில் இல்லவே இல்லை. சிலருக்குச் சயாட்டிக் நரம்பு பிரிந்து, ஒரு கிளை பிரிஃபார்மிஸைத் துளைத்துக்கொண்டு வரும். பீட்டன், ஆன்சன் என்ற உடற்கூறு ஆய்வாளர்கள் 1937இலேயே இந்த வேறுபாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார்கள். மாடலில் இருப்பது வழக்கமான வகை மட்டும்தான்.

நர்சிங் வகுப்புக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். தசைகளை எல்லாம் திரும்ப மாட்டி, இடது உள்ளங்கையின் அடிப்பகுதியை ட்ரொகான்டரில் வைக்கச் சொல்கிறேன். சுட்டுவிரல் இடுப்பின் முன்முனையில், நடுவிரல் இடுப்பெலும்பின் விளிம்பை நோக்கி விரிந்து. இரண்டு விரலுக்கும் நடுவில்தான் ஊசி. அப்புறம் கையை எடுக்காமலே இன்னொரு பிள்ளை மேக்சிமஸைக் கழற்றுவாள். மஞ்சள் குழாய் விரல்களிலிருந்து எவ்வளவு தள்ளி, பின்னால் ஓடுகிறது என்று எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள்.