அடிக்கவர் இல்லாமலும் ஓட்டிப் பார்த்தாச்சு: 1,150 ரூபாய் லோக்கல் கவர் எப்படி?

வாங்கியது என் பெட்ரோல் செடானுக்கு இன்ஜின் அடிக்கவர், அதாவது சேறும் தண்ணீரும் ஏறாமல் இன்ஜினுக்குக் கீழே மாட்டும் மூடி. கருப்பு பிளாஸ்டிக், லோக்கல் தயாரிப்பு. விலை 1,150 ரூபாய், மாட்டுக்கூலி 250. கம்பெனிக் கவருக்கு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள், வர நாளாகும் என்றும் சொன்னார்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன்.

பழைய கவர் போன கதை: ஆயில் மாற்றக் கழற்றிய ஒரு சர்வீஸ் கடையில், உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் புதிது போடாமல் இருந்ததை வைத்தே மாட்டி அனுப்பிவிட்டார்கள். வடசென்னையில் எர்ணாவூர் மேம்பாலம் இறங்கும்போது முன்பக்கம் தொங்கித் தரையில் தேய ஆரம்பித்தது. பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறான், நிறுத்த இடமில்லை. அப்புறம் ஒரு பங்ச்சர் கடைத் தம்பி மிச்சக் கிளிப்புகளையும் அறுத்து, கவரைச் சுருட்டி டிக்கியில் போட்டுக் கொடுத்தான். அவன் செய்ததுதான் சரி. பாதி தொங்கும் கவரைவிடக் கவரே இல்லாதது மேல். வேகத்தில் காற்று புகுந்து மீதியையும் கிழிக்கும், சக்கரத்தில் சிக்கினால் இன்னும் வம்பு.

எங்கள் தெரு மெக்கானிக்கோ, "அது இல்லாட்டி ஒண்ணும் ஆவாதுக்கா, வண்டி ஓடும்" என்றார். ஓடத்தான் செய்தது. வெயில் காலத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டதைத் தவிர வித்தியாசமே தெரியவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் ரேடியேட்டர் வழியாகக் காற்று ஒழுங்காகப் போக இந்தக் கவர் உதவும் என்பது உண்மைதான். ஆனால் காலடிப்பேட்டையிலிருந்து காட்டுப்பள்ளிக்கு லாரி வரிசையில் ஊர்ந்து வேலைக்குப் போகிறவளுக்கு ரேடியேட்டர் ஃபேன்தான் காற்று. மைலேஜ் கணக்கும் அப்படியே. அந்த வரிசையில் எந்தக் கவரும் பெட்ரோலை மிச்சப்படுத்தாது.

மழை வந்ததும்தான் பிரச்சினை. பட்டமந்திரி, வல்லூர் பக்கம் ரோட்டில் கிடக்கிற அனல்மின் சாம்பல் மழையில் குழம்பாகிவிடும். முன்சக்கரம் அதை வாரி நேராக இன்ஜின் பெல்ட் மேல் அடிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று ஒரு சத்தம், தெருவே திரும்பிப் பார்க்கும். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், ஆயில் ஃபில்டர் என்று கீழே இருக்கும் எல்லாவற்றிலும் சாம்பல் அப்பி, காய்ந்து, சுரண்டி எடுக்க வேண்டிய நிலை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்ததைப் பார்த்த பிறகு எங்கள் பக்கத்துத் தேங்கிய தண்ணீரை நான் நம்புவதில்லை. ரப்பர் பெல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் எண்ணெய் ஆகவே ஆகாது.

சேம்பருக்கு, அதாவது இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்கு, பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிறவர்கள் கவனிக்க: இந்த பிளாஸ்டிக் தண்ணீரையும் சேற்றையும் தடுக்கும், அடியைத் தாங்காது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலம்கூட இல்லாத திண்டு. அங்கே வண்டியைக் கோணலாக ஏற்றி மெதுவாக இறக்குவதுதான் ஒரே வழி. மெக்கானிக் இரும்புத் தகடு அடித்துத் தருவதாகச் சொன்னார். மேடு பள்ளமான கிராமத்து ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. எனக்கு வேண்டாம் என்றேன். கடல் காற்றில் துரு பிடிக்கும், முன்பக்கம் பாரம் ஏறும், சேம்பருக்கும் தகடுக்கும் இடைவெளி சரியாக விடவில்லை என்றால் பலமான அடியில் தகடே நசுங்கி சேம்பரில் முட்டும்.

இனி இந்தக் கவர். பெல்ட் சத்தம் நின்றது, ஒரு அடைமழை வாரத்துக்குப் பிறகும் ஆயில் ஃபில்டர் காய்ந்தே இருந்தது. அதற்கே மூன்று நட்சத்திரம். குறைகள்: பழைய கவரில் இருந்த விறைப்பு இதில் இல்லை, நடுவில் கையால் அழுத்தினால் நெளிகிறது. இரண்டு போல்ட் துளைகள் இடம் தள்ளியிருந்ததால் கம்பியைக் காய்ச்சிப் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஆயில் இறக்கத் திறப்பு எதுவும் இல்லை, ஒவ்வொரு தடவையும் முழுதாகக் கழற்றத்தான் வேண்டும். இடது சக்கரப் பக்கம் ஃபெண்டர் லைனரோடு (சக்கரத்துக்கு மேலே உள்புறம் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு) சேராமல் இரண்டு விரல் இடைவெளி, அங்கே கொஞ்சம் சேறு ஏறுகிறது. கூடவே தந்த கிளிப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாகத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய வாஷரும் சேர்த்து.

கடைக்குப் போகும்போது பழைய கவரை, கிழிந்திருந்தாலும் சரி, கையோடு எடுத்துப் போங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்று கவர் மாறலாம். நான் பழையதை மேலே வைத்துப் பார்த்ததால்தான், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது டீசல் வண்டிக்கானது என்று தெரிந்தது.