1,92,000 ரூபாய் கொடுத்து அம்மாவின் உதடு மரத்துப்போனதுதான் மிச்சம்: இம்பிளான்ட் பல் கட்டப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று மாலை அந்தப் பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. பல ஊர்களில் கிளை வைத்து, பண்டிகைக்குப் பண்டிகை ஆஃபர் போடுகிற பல் மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருப்பது திருச்சியில். பல் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் இரண்டிரண்டு போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. கழற்றி மாட்டுகிற செட் ஒத்துவரவில்லை, ஈறு புண்ணாகிவிடும். சோற்றைக் குழைய வைத்து முன்பல்லாலேயே மென்று விழுங்கிவிடுவார். பொங்கல் ஆஃபர் என்று விளம்பரம் பார்த்ததும் நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். இம்பிளான்ட் என்றால் தாடை எலும்பில் திருகை இறக்கி அதன் மேல் கட்டுகிற பல். ஒன்று 55,000, நான்காகக் கட்டினால் 48,000 வீதம். மொத்தம் 1,92,000.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோஆர்டினேட்டராம். கண்ணாடி மாதிரி இருந்த தாடை பொம்மையை அம்மா மடியில் வைத்து, அதிலிருந்த திருகைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "ஸ்வீடன் டாக்டர் கண்டுபிடிச்சதும்மா. டைட்டானியம் எலும்போட எலும்பா ஒட்டிக்கும்" என்றாள். அம்மா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். சொன்னதும், "எங்க ஸ்கூல்லயும் ஒரு சத்துணவு டீச்சர் இருந்தாங்கம்மா, எனக்கு மட்டும் ரெண்டு முட்டை வைப்பாங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு சரி. அம்மா என் பக்கம் திரும்பி, "இங்கேயே பண்ணிக்கலாம்டி" என்றார். அந்தக் கணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பல்லைப் பற்றி எதையும் விசாரித்து நாங்கள் முடிவெடுக்கவில்லை, அந்த முட்டையைக் கேட்டு முடிவெடுத்தோம்.

உள்ளே ஓபிஜி எடுத்தார்கள். முழுத்தாடையையும் தட்டையாகக் காட்டுகிற எக்ஸ்ரே அது. "எலும்பு நல்லா இருக்கு, பத்தே நாள்ல பல்லு" என்றார்கள். "சுகர் இருக்காம்மா?" "மாத்திரை சாப்பிடுறேன்." ஃபாரத்தில் ஒரு டிக். அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கவில்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

அம்மாவின் டெபாசிட்டை உடைத்து 92,000 கட்டினோம். மீதி ஒரு லட்சத்துக்கு வட்டியில்லாத் தவணை என்று ஒரு பையன் டேப்லெட்டோடு வந்தான். ஆதார், பான் எல்லாம் வாங்கிப் பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டான். ஓடிபியைப் படித்துச் சொன்னது நான். மாதம் 10,000, பத்து மாதம். அது ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கொடுத்த கடன் என்பதும், அந்த ஒரு லட்சம் மொத்தமாக மருத்துவமனைக்குப் போய்விட்டது என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. அம்மா வாயில் ஊசி போடுவதற்கு முன்பே 1,92,000 ரூபாயும் அவர்கள் கையில்.

ஜனவரி 27ஆம் தேதி ஆபரேஷன். செய்தது அந்தக் கிளையின் டாக்டர் இல்லை. சென்னையிலிருந்து வருகிற நிபுணர் என்றார்கள். முகக்கவசத்தோடு வந்தார், நான்கு திருகையும் போட்டார், போய்விட்டார். முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

அன்றைக்கு இரவு வலது பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்தே இருந்தன. ஊசியின் மரமரப்பு என்று நினைத்தோம். மறுநாள் காலையிலும் அப்படியே. போன் செய்தேன். "சகஜம்தான் மேடம், மூணு மாசத்துல சரியாயிடும், வைட்டமின் மாத்திரை எழுதித் தர்றோம்" என்றார்கள். பத்தாவது நாள் நான்கு திருகிலும் பல் மாதிரியான கேப் மாட்டி அனுப்பிவிட்டார்கள். அம்மாவை வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அதில் அம்மா வாய் ஒரு பக்கமாகச் சிரிக்கிறது. எங்களுக்கு அப்போது அது தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். காலையில் காபி குடிக்கும்போது முகவாயில் வழிந்து புடவையில் சொட்டும், அம்மாவுக்குத் தெரியாது. நான் சொன்னால்தான் துடைப்பார். இப்போது தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டுதான் டம்ளரையே எடுக்கிறார். யாராவது வீட்டுக்கு வந்தால் காபி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டில் வைத்தார். இடது பக்கத்துக் கேப், அடியில் திருகோடு முழுசாக. ரத்தமில்லை, வலியில்லை, சும்மா கழன்று வந்திருக்கிறது. நல்ல மிருதுவான இட்லி. முறுக்கில்லை, கரும்பில்லை.

உடனே ஓடினோம். முதல் தடவை, டாக்டர் லீவு. இரண்டாவது தடவை, சென்னை டாக்டர் அடுத்த மாதம்தான் வருவார். மூன்றாவது தடவை புதிதாக ஒரு மேனேஜர். "உங்கம்மா சுகர் பேஷன்ட்தானே? பாக்கு போடுவாங்களா?" என்று கேட்டார். அம்மா வாழ்நாளில் பாக்கைத் தொட்டதில்லை. சர்க்கரை இருப்பது பணம் வாங்கும்போது தெரியவில்லையா? ஆயுள் வாரண்டி என்று அட்டை கொடுத்தீர்களே என்றால், அது திருகுக்கு மட்டுமாம். மறுபடி போடுவதற்கான கட்டணம் தனியாம். அந்தக் கோஆர்டினேட்டர் பெண் வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டாளாம்.

தெரிந்தவர்கள் சொல்லி இன்னொரு பல் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைத் திரையில் போட்டு விரலால் காட்டினார். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் மாதிரி ஓடுகிறது, அதற்குள்தான் உதட்டுக்கும் முகவாய்க்கும் போகிற நரம்பு. திருகின் முனைக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டுமாம். வலது பக்கத்தில் ஒரு திருகு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. "மறுநாளே மரத்திருக்குன்னு சொன்னப்ப இதைக் கழட்டியிருக்கணும்மா, முதல் ரெண்டு நாள் ரொம்ப முக்கியம்" என்றார். நாங்கள் மூன்று மாதம் வைட்டமின் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ரத்தத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் (HbA1c) பார்க்கச் சொன்னார். 9.4. இந்த அளவில் நான் திருகே போட்டிருக்க மாட்டேன் என்றார். திருகு எலும்போடு ஒட்டக் கீழ்த்தாடையில் மூன்று மாதமாவது ஆகும், அதுவரை அதன் மேல் கடிபடக்கூடாது, சிலருக்கு உடனே கேப் மாட்டலாம்தான், ஆனால் இந்தச் சர்க்கரைக்கும் இந்த எலும்புக்கும் அது கூடாது என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து அந்த ஸ்வீடன் டாக்டரைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரோனெமார்க் என்று பெயர். 1965இல் அவர் முதல் நோயாளிக்குப் பொருத்திய திருகுகள் அந்த நோயாளி சாகிற வரைக்கும், 40 வருஷம், உழைத்திருக்கின்றன. ஆனால் எலும்பு ஒட்டுவதற்காக அந்த மனிதர் மாதக்கணக்கில் காத்திருந்தார். அந்தப் பெண் எங்களிடம் கதையைச் சொன்னபோது அதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஆக நான்கில் ஒன்று கழன்றுவிட்டது, ஒன்று ஆடுகிறது, ஒன்று நரம்பின் மேல் இருக்கிறது. உருப்படியாக நிற்பது ஒன்று. அதையாவது காப்பாற்றலாம் என்றால், எந்தக் கம்பெனித் திருகு என்று புது டாக்டர் கேட்கிறார். ஒவ்வொரு திருகுப் பெட்டியிலும் கம்பெனி, அளவு, லாட் எண் போட்ட ஸ்டிக்கர் வரும், ஒன்றை நோயாளியிடம் ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்றார். அது இல்லாவிட்டால் எந்தச் சாவி பொருந்தும் என்றே தெரியாதாம். நேற்று நான் போனது அதற்காகத்தான். ஸ்டிக்கரும், ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும். இரண்டே இரண்டு. "சிஸ்டம்ல இருக்கு மேடம், மெயில் பண்றோம்" என்றார் மேனேஜர். இப்போதே எழுதிக் கொடுங்கள் என்றேன். உட்காரச் சொன்னார்கள். எட்டு மணிக்கு விளக்கை அணைக்க ஆரம்பித்தார்கள். 1,92,000 ரூபாய் கொடுத்தவளுக்கு டாக்டரின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுத ஓடவில்லை. அம்மா வேறு கூப்பிடுகிறார். நினைவுக்கு வருவதைச் சொல்லிவிடுகிறேன். சிபிசிடி ஸ்கேனும், சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரியும் பார்க்காமல் யாரையும் தாடையில் துளை போட விடாதீர்கள். யார் போடப்போகிறார், பதிவு எண் என்ன என்று முன்பே எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கரை அன்றைக்கே கேளுங்கள். மறுநாளும் உதடு மரத்திருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே போங்கள், அவர்கள் பார்க்காவிட்டால் அரசு பல் மருத்துவமனைக்குப் போங்கள். வேலை முடிவதற்கு முன் முழுப்பணமும் கொடுக்காதீர்கள், தவணைக் கடனுக்கு ஓடிபி சொல்லவே சொல்லாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிவிட்டேன். திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கழன்று விழுந்த திருகை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, ரசீதுகளோடு பையில் வைத்திருக்கிறேன். தவணை இன்னும் ஏழு பாக்கி. 5ஆம் தேதி அடுத்த 10,000 எடுப்பார்கள்.