பாடநூல் செயலியின் தேடல் வசதி: பணம் கட்டலாமா?

பாடநூல் செயலியின் சந்தாவைக் குறைத்திருக்கிறார்களாமே, வாங்கலாமா என்று அரூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர் கேட்டார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள் ஒரே செயலியில் இருக்கின்றன என்பது அவருக்கும் தெரிந்ததுதான். தேடல் வசதி வந்ததிலிருந்து தருமபுரியில் நான் நடத்தும் மாலை வகுப்புகளில் அதைப் பயன்படுத்தி வருகிறேன். ஆகவே தேடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘ஒளிச்சேர்க்கை’ என்று தட்டினால், அந்தச் சொல் வரும் எல்லா வகுப்பு நூல்களும் வரியோடும் பக்க எண்ணோடும் வந்து நிற்கின்றன. ஒரு பாடம் கீழ் வகுப்பில் எங்கே தொடங்கி மேல் வகுப்பில் எப்படி விரிகிறது என்று உடனே காட்டிவிடலாம். பள்ளிப் பாடநூல்களையே நம்பிக் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது பெரிய வரம். நூலை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் தேடுகிறது. வத்தல்மலையிலிருந்து வரும் என் மாணவிக்கு வீட்டில் சிக்னல் கிடைப்பதில்லை; அவளுக்காகவே இந்தச் செயலியை வாழ்த்தலாம்.

ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் யாரைத் தேடுவார்கள்? அதியமானையும் ஔவையாரையும்தான். ‘ஔவையார்’ என்று தேடினால் சில நூல்களில் ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. அதே நூலைப் புரட்டினால் ஔவையார் நெல்லிக்கனியோடு இருக்கிறார்! அங்கே ‘ஔ’ ஓரெழுத்தாக இல்லாமல் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டச்சாகியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு. இன்னும் சில பழைய நூல்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எண்ணைத் தரும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் கோத்தவை. திரையில் தமிழாகத் தெரிபவை உள்ளே ரோமன் எழுத்துகளின் குறியீடுகளாக இருக்கின்றன. அவற்றில் எதைத் தேடினாலும் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. காசு வாங்குகிறவர்கள் இந்த நூல்களை மாற்றிச் சேர்த்திருக்க வேண்டாமா?

வேற்றுமை உருபு வந்தாலும் தேடல் தடுமாறுகிறது. ‘வேர்’ என்று கேட்டால் ‘வேரில்’ கிடைக்காது. ‘மரம்’ என்று கேட்டால் ‘மரத்தின்’ வராது. புள்ளியை விட்டுவிட்டு ‘வேர’ என்றும், கடைசி எழுத்தையே விட்டு ‘மர’ என்றும் தட்டினால் வந்துவிடுகின்றன. கூடவே மரபணுவும் மருத்துவமும் வந்து சேரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது ‘முடிவுகள் இல்லை’ என்ற அந்த வரிதான். பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள். புத்தகத்திலேயே இல்லை என்று எண்ணி அந்தப் பாடத்தைத் திறக்காமல் விட்டுவிடுகிறார்கள். ‘இந்த நூலுக்குள் தேட இயலவில்லை’ என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் புரட்டியாவது பார்த்திருப்பார்கள். படிக்கிற பிள்ளையிடம் இருப்பதை இல்லை என்று சொல்வது சிறிய குறை அல்ல. எழுதிக் கேட்டேன், ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று பதில் வந்தது. அதன் பிறகு எந்த மாற்றமும் இல்லை.

நண்பரிடம் கட்ட வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். பாடநூல் கழகத்தின் பிடிஎஃப் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருளடக்கத்தைப் பார்த்துத் தேடப் பிள்ளைகளைப் பழக்கலாம். ஆனால் நான் இந்த ஆண்டுக்கும் கட்டிவிட்டேன். பொதுத்தேர்வு முடியும் வரை என்னால் அதை விட முடியாது.