கொலம்பெல், மரியன்தால்: எந்த வழி நல்லது?

நீண்ட நாள் வேலையில்லாதவர்களுக்கு வேலை உறுதி தரும் திட்டத்தைப் பிரான்சின் கொலம்பெலும் ஆஸ்திரியாவின் மரியன்தாலும் வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்தன. எனக்குப் பிரான்சின் வழிதான் பிடிக்கிறது. அதற்கான 2016 சட்டப்படி தேர்வான முதல் 10 இடங்களில் கொலம்பெல் ஒன்று, 1993இல் எஃகு ஆலையை இழந்த ஊர். அங்கே நகராட்சி, வேலைவாய்ப்பு அலுவலகம், உள்ளூர் முதலாளிகள், சங்கங்கள், வேலையில்லாதவர்கள் என எல்லோரும் ஒரே குழுவில் உட்கார்ந்து, ஊருக்குத் தேவைப்பட்டும் யாரும் செய்யாத வேலைகளைத் தேடி எடுக்கிறார்கள், அப்புறம் அதற்கென்றே தொடங்கிய நிறுவனத்தில் ஓராண்டுக்கு மேல் வேலையில்லாதவர்களை நிரந்தரமாகச் சேர்க்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சேருகிறவர்களே சொல்லலாம்!

ஆஸ்திரியாவின் மரியன்தாலில் 2020இல் தொடங்கிய திட்டத்தை நடத்தியது மாநில வேலைவாய்ப்புச் சேவை. முதலில் 8 வாரப் பயிற்சி, பிறகு மானியத்தோடு வேலை, தனியார் நிறுவனத்திலும் சேர முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்தபோது சேர்ந்தவர்களின் மனநலமும் தேறியிருந்தது, சரி. ஆனால் அது காலக்கெடு வைத்த திட்டம். ஐம்பது வயதில் வேலை தேடுகிறவருக்கு நிரந்தர ஒப்பந்தம் தரும் நிம்மதி அதில் கிடைக்கவில்லை.